சனி, ஞாயிறு லீவா? வைகையைப் பிடிச்சு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க!

ஒரே ஆறு – ஐந்து மாவட்டம் – இரண்டு நாள்! அழகும் உண்டு, ஆபத்தும் உண்டு!

மதுரைக்காரர்கள் வைகையைத் தாண்டாத நாள் கிடையாது. காலையில் ஆபீசுக்குப் போகும்போது ஒரு தடவை. சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு தடவை. கோரிப்பாளையத்தையும் சிம்மக்கல் பக்கத்தையும் சேர்க்கிற ஏ.வி. பாலம் 1889-ல் திறக்கப்பட்டது. அன்று முதல் இன்று வரை பஸ்சிலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் அதன்மேல் ஜனங்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் பாலத்துக்குக் கீழே ஓடுகிற ஆறு எங்கே பிறக்கிறது, எங்கே முடிகிறது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் தலையைச் சொறிவார்கள்!

வருசநாட்டு மலையில் பிறக்கிறது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டம் கடக்கிறது. மொத்த நீளம் சுமார் 258 கிலோ மீட்டர். ஒரு சனி, ஞாயிறில் கார் அல்லது வேனில் பார்த்துவிடக்கூடிய தூரம்தான். குற்றாலம், கொடைக்கானல் என்று கூட்டத்தில் இடிபடுவதற்குப் பதில் நம்ம ஆற்றங்கரை ஊர்களை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சனிக்கிழமை மேற்கே ஏறுவோம். ஞாயிற்றுக்கிழமை கிழக்கே இறங்குவோம்.

புளியோதரைப் பொட்டலம் கட்டியாச்சா? புறப்படுங்கள்!

ஏடு கரையேறிய ஊர்

மதுரையிலிருந்து சோழவந்தான் ரோட்டில் சுமார் 20 கிலோ மீட்டர் போனால் திருவேடகம். சமணர்களோடு நடந்த வாதத்தில் திருஞானசம்பந்தர் வைகையில் விட்ட ஏடு, வெள்ளத்தை எதிர்த்து நீந்தி வந்து கரையேறிய இடம் இது என்பது ஐதீகம். ஏடு அகம் – ஏடகம். ஏடகநாதர் கோவிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.

அடுத்தது சோழவந்தான். தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பச்சைப்பசேல் என்று கண்ணைக் கட்டும். ஜெனகை மாரியம்மன் கோவில் சுற்று வட்டாரத்துக்கே பெரிய தெய்வம். பக்கத்திலேயே ஆற்றங்கரையில் குருவித்துறை. சித்திர ரத வல்லபப் பெருமாள் கோவில். எதிரே குரு பகவான் சன்னதி. குருப்பெயர்ச்சி அன்று போனால் கால் வைக்க இடம் இருக்காது. சாதாரண சனிக்கிழமையில் நிம்மதியாகத் தரிசனம் செய்யலாம்.

வைகைக் கரையில் விளாம்பட்டிப் பக்கம் இருக்கிறது பேரணை. பெரியாறு பிரதான கால்வாய் இங்கிருந்துதான் பிரிகிறது. "அணைன்னா இவ்வளவுதானா?" என்று சின்னப் பசங்கள் உதட்டைப் பிதுக்கலாம். ஆனால் இதை நம்பித்தான் கள்ளந்திரி வரை 45 ஆயிரத்து 41 ஏக்கர் இருபோக சாகுபடி நடக்கிறது. மேலூர், திருமங்கலம் பகுதிகளில் ஒருபோகம் 1 லட்சத்து 5 ஆயிரத்து 2 ஏக்கர். நம்ம வீட்டு உலையில் கொதிக்கிற அரிசியில் எத்தனையோ மூட்டைக்கு இங்கேதான் ஆரம்பம்.

நிலக்கோட்டை தாண்டினால் வத்தலக்குண்டு. சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1884-ல் பிறந்த மண். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயரும் இந்த ஊர்க்காரர்தான். பஸ் நிலையத்தில் ஒரு டீ அடித்துவிட்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம் மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வைகை அணை.

அணையில் அபாயச் சங்கு!

வைகை அணையை 1959 ஜனவரி 21-ந் தேதி அன்றைய முதல்-அமைச்சர் காமராஜர் திறந்து வைத்தார். அணையின் உயரம் 111 அடி. தண்ணீர் தேக்குவது 71 அடி வரை. இரண்டு கரையிலும் பூங்கா, பசங்களுக்கு ஊஞ்சல், சறுக்கு. வெளியே வந்தால் சுடச்சுடப் பொரித்த மீன்!

இந்த அணையைப் பற்றிப் பேசும்போது தெர்மாகோலை மறக்க முடியுமா? 2017 ஏப்ரலில் அணைத் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்க, அப்போதைய அமைச்சர் செல்லூர் ராஜூ முன்னிலையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்க விட்டார்கள். காற்று அடித்தது. அட்டைகள் கரைக்கு வந்து சேர்ந்தன. ஊரே சிரித்தது. அந்த வருஷம் அணையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருந்தது என்பதுதான் சிரிப்புக்குப் பின்னால் இருந்த சோகம்.

நன்றாக மழை பெய்த வருஷத்தில் நிலைமை தலைகீழ். அப்போது ஒரு கணக்கைப் பயணம் போகிறவர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

அணை 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை. 68.5 அடி என்றால் இரண்டாவது எச்சரிக்கை. 69 அடி வந்துவிட்டால் மூன்றாவது, கடைசி எச்சரிக்கை. அபாயச் சங்கு ஊதும். அதற்குப் பிறகு உபரித் தண்ணீர் எப்போது வேண்டுமானாலும் திறக்கப்படும். ஐந்து மாவட்டக் கரையோரத்துக்கும் தகவல் பறக்கும்.

பிரச்சினை என்னவென்றால், சங்குச் சத்தம் அணைக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் கேட்கும். 20 மைல் கீழே மணல் திட்டில் ஜமுக்காளம் விரித்து இட்லி சாப்பிட்டுக்கொண்டு இருப்பவனுக்குக் கேட்காது. அவன் தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கும். மழைத் துளியே விழுந்திருக்காது. தண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருக்கும்!

"மதுரையில மழையே இல்லையே, ஆத்துல எப்படி வெள்ளம்?" என்று கேட்காதீர்கள். மேற்கே மலையில் பெய்கிற மழைக்கு இங்கே வெள்ளம். இதுதான் வைகையின் குணம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே

குளிக்கப் போன வாலிபர் தண்ணீரில் மூழ்கி சாவு. இந்த மாதிரிச் செய்தியை எத்தனை லீவு நாட்களுக்கு மறுநாள் படித்திருக்கிறோம்! ஊர் பெயர் மாறும். வயசு மாறும். மற்றபடி எல்லாம் ஒன்றுதான். நாலைந்து பேர் சேர்ந்து போயிருப்பார்கள். ஒருவன் இறங்கியிருப்பான். அவனைக் காப்பாற்ற இன்னொருவன் குதித்திருப்பான். நீச்சல் இரண்டு பேருக்குமே தெரிந்திருக்காது.

ஏன் இப்படி? காரணங்கள் மூன்று.

ஒன்று, மணல் அள்ளிய பள்ளம். மேலே பார்த்தால் தண்ணீர் முழங்கால் அளவு ஓடும். இரண்டு எட்டு வைத்தால் ஆள் முழுகும் குழி. பழைய ஆறு படிப்படியாக ஆழமாகும். மணல் பறிபோன ஆறு ஒரே அடியில் விழுங்கும்.

இரண்டு, சிமெண்டுக் கால்வாய். இரண்டு பக்கமும் சரிவாகப் பூசியிருப்பார்கள். பாசி படிந்திருக்கும். இறங்குவது சுலபம். ஏற முடியாது. பிடிக்க ஒரு புல் கூடக் கிடையாது. தண்ணீர் வேகம் வேறு இழுக்கும்.

மூன்று, போதை. இதை விளக்க வேண்டியது இல்லை!

ஒருவர் தண்ணீரில் தத்தளித்தால் உடனே குதிக்காதீர்கள். வேட்டி, புடவை, கயிறு, துண்டு – கையில் கிடைத்ததை வீசுங்கள். காலி தண்ணீர் கேன் இருந்தால் மூடியை இறுக்கி வீசுங்கள். மிதக்கும். சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள். 112-க்கோ 108-க்கோ போன் அடியுங்கள். குளித்தே ஆகவேண்டும் என்றால் உள்ளூர் ஜனங்கள் குளிக்கிற படித்துறையில் மட்டும் குளியுங்கள். அவர்கள் இறங்காத இடத்தில் நீங்கள் இறங்குவதற்கு என்ன இருக்கிறது?

மலையைத் துளைத்து வந்த தண்ணீர்

அணையை விட்டுத் தேனி. அங்கிருந்து கம்பம் ரோடு. வழியில் 8 கிலோ மீட்டரில் வீரபாண்டி. முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன் கோவில். சித்திரைத் திருவிழாவில் அக்கினிச் சட்டி எடுக்கிற கூட்டம் கண்கொள்ளாக் காட்சி. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டும்போது நெல் வயல், வாழை, தென்னை, திராட்சைப் பந்தல் மாறி மாறி வரும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தோட்டத்திலேயே வாங்கிச் சாப்பிடுங்கள். தனி ருசி!

கம்பத்துக்குப் பக்கத்தில் சுருளி அருவி. மலையில் மழை என்றாலோ, யானை நடமாட்டம் என்றாலோ வனத்துறை தடை போட்டுவிடும். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே சார்" என்று கெஞ்சாதீர்கள். தடையை மீறிக் குறுக்கு வழியில் நுழையவும் வேண்டாம். இதே தேனி மாவட்டத்தில் 2018 மார்ச் மாதம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் பலியானதை மறக்க முடியுமா? காடு நம்ம வீட்டுக் கொல்லைப்புறம் கிடையாது.

கம்பத்தையும் கூடலூரையும் தாண்டினால் மலையடிவாரத்தில் லோயர் கேம்ப். இங்கே இருக்கிறது பென்னி குயிக் மணிமண்டபம். 2013 ஜனவரி 15-ல் திறக்கப்பட்டது. அது அவருடைய பிறந்த நாள். வண்டியை நிறுத்திக் கட்டாயம் உள்ளே போய்ப் பாருங்கள். பசங்களுக்கும் கதையைச் சொல்லுங்கள்.

பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கிற ஆறு. அதை மறித்து அணை கட்டி, மலையில் ஒரு மைலுக்கும் மேல் சுரங்கம் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்டார்கள். 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மகாராஜாவோடு ஒப்பந்தம். 999 வருஷக் குத்தகை. 8 ஆயிரம் ஏக்கர். ஏக்கருக்கு வருஷ வாடகை 5 ரூபாய். 1887-ல் வேலை தொடங்கியது. காலராவும் மலேரியாவும் காட்டாற்று வெள்ளமும் கூலியாட்களை வாரிக்கொண்டு போயின. 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார்.

இன்றைக்கும் இந்தப் பக்கத்து வீடுகளில், ஓட்டல்களில், கடைகளில் பென்னி குயிக் படம் மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். அவர் பிறந்த நாளுக்குப் பாலார்பட்டி ஜனங்கள் பொங்கல் வைக்கிறார்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர் படம்! கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14 ஆயிரத்து 707 ஏக்கர் இருபோக நெல் விளைவது அந்தத் தண்ணீரில்தான். லோயர் கேம்ப்பில் மின்சாரமும் எடுக்கிறார்கள்.

அணையின் பலம் பற்றிச் சந்தேகம் கிளப்பியதால் 1979-ல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014 மே 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அந்த நவம்பரிலேயே தண்ணீர் 142 அடியைத் தொட்டபோது கம்பத்தில் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். 35 வருஷக் காத்திருப்பு!

ராத்திரி தேனியிலோ கம்பத்திலோ தங்கிவிடுங்கள். "விடிய விடிய ஓட்டி வீட்டுக்குப் போயிடலாம்" என்கிற டிரைவர் பேச்சைக் கேட்காதீர்கள். தூக்கக் கண்ணோடு ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். கார் வசதி இல்லாதவர்கள் ரெயிலிலும் வரலாம். அகலப்பாதைக்காக 2010 கடைசியோடு நின்றுபோன ரெயில், 2022 மே மாதம் முதல் தேனி வரைக்கும், 2023 ஜூன் முதல் போடி வரைக்கும் மறுபடி ஓடுகிறது.

ஞாயிறு: ஆறு இளைக்கும் பாதை

ஞாயிறு விடியற்காலை கிளம்பி உசிலம்பட்டி வழியாக மதுரை. நம்ம ஊர் ஆற்றைப் பற்றி நம்மிடமே என்ன சொல்வது? சாக்கடை கலக்கிறது. ஆகாயத்தாமரை மண்டுகிறது. சித்திரையில் அழகர் இறங்குவதற்காக அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிற ஊர் நம்ம ஊர். 2022 சித்திரையில் அந்தக் கூட்ட நெரிசலில் இரண்டு உயிர் போனது.

மீனாட்சி கல்யாணத்தில் சாப்பிட்டுத் தாகம் அடங்காத குண்டோதரனிடம் சிவபெருமான் "வை கை" என்றாராம். கை வைத்த இடத்தில் ஆறு பெருகியதாம். அப்படிப்பட்ட ஆற்றில் இன்றைக்குக் கை வைக்க நாம் யோசிக்கிறோம்!

கிழக்கே 12 கிலோ மீட்டரில் கீழடி. தென்னந்தோப்புக்குக் கீழே செங்கல் கட்டுமானம், உறைகிணறு, எழுத்துப் பொறித்த பானை ஓடுகள். 2,600 வருஷத்துக்கு முந்தைய நகர வாழ்க்கை என்று தொல்லியல் துறை ஆய்வு சொல்கிறது. 2023 மார்ச் 5-ல் திறந்த அருங்காட்சியகம் பிரமாதம். பெரியவர்களுக்கும் பசங்களுக்கும் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. அந்தக் காலத்து ஆட்களும் இந்த வைகைத் தண்ணீரைக் குடித்தவர்கள்தான்.

அடுத்தது திருப்புவனம். புஷ்பவனேசுவரர் கோவில். ஆற்றுக்கு அக்கரையில் நின்ற தேவார மூவர் கண்ணுக்கு வைகை மணல் எல்லாம் சிவலிங்கமாகத் தெரிந்ததாம். மிதிக்கப் பயந்து அக்கரையிலேயே நின்று பாடினார்களாம். மறைத்த நந்தியும் விலகிக் கொடுத்ததாம். மிதிக்கவே கூசிய மணலைத்தான் பிற்காலத்தில் லாரி லாரியாக அள்ளினார்கள்! இன்றைக்கு ஆற்றுக்குள் பல இடத்தில் மணலுக்குப் பதில் சீமைக் கருவேலம்.

மானாமதுரையில் இறங்கிக் குயவர் தெருவைப் பாருங்கள். கச்சேரியில் ஒலிக்கிற கடம் இந்த மண்ணில் தட்டி உருவாவது. 2023-ல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு மண்பானையாவது வாங்கி வாருங்கள். பிரிட்ஜ் தண்ணீர் தோற்றுப்போகும். பார்த்திபனூர் மதகு அணை தாண்டிப் பரமக்குடி. நெசவாளர் ஊர். இங்கேயும் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். பல வருஷம் வெறும் மணலில்!

கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாய். வைகை இங்கேதான் அடங்குகிறது. நல்ல வெள்ளம் வந்தால் மட்டும் ஆற்றங்கரை என்ற ஊரில் கடலைத் தொடும். மேலே அணையில் திறந்த தண்ணீர் இங்கே வந்து சேர நாள் கணக்காகும். வழியிலே மணல் குடித்தது போக, மோட்டார் இழுத்தது போக, மிச்சம்தான் இவர்களுக்கு.

இங்கே ஒரு வேடிக்கை. பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை முதலில் யாருக்கு வந்தது தெரியுமா? ராமநாதபுரத்துக்காரருக்கு! சேதுபதி மன்னரின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-லேயே ஆள் அனுப்பி மலையைப் பார்த்து வரச்சொன்னார். செலவு தாங்காது என்று கைவிட்டார். நூறு வருஷம் கழித்து அது நடந்தது. யோசனை சொன்ன ஊர் வரிசையில் கடைசியில் நிற்கிறது. வைகை முடிகிற மாவட்டத்துக்குக் குடிக்கத் தண்ணீர் திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து குழாயில் வருகிறது!

லோயர் கேம்ப்பிலிருந்து மதுரைக்கு நேராகக் குழாயில் குடிநீர் கொண்டுவரும் திட்டம் அறிவித்தபோது கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்களுக்கு வயல் பயம். நமக்குக் குடம் காலியாகும் பயம். பரமக்குடிக்காரருக்கு, இரண்டு பேருமே குடித்துவிட்டால் தனக்கு என்ன மிஞ்சும் என்ற பயம். ஆபீசில் உட்கார்ந்து படித்தால் யாரோ சண்டை போடுகிறார்கள் என்று தோன்றும். இரண்டு நாள் கரையோடு போய் வந்தால் மூன்று பேர் முகமும் ஞாபகத்தில் நிற்கும்.

போவதற்கு முன்னே...

மதுரை நகருக்குக் குடிநீர் வைகை அணையிலிருந்து வருகிறது. அணைப் பூங்காவில், வீரபாண்டிப் படித்துறையில் நீங்கள் வீசுகிற பிளாஸ்டிக் பை, பாட்டில், ஷாம்பு பாக்கெட்டின் அழுக்கு எல்லாம் உங்களைத் தொடர்ந்து வரும். வந்து சேரும் இடம் உங்கள் வீட்டுக் குழாய்! எச்சில் இலையையும் குப்பையையும் ஒரு சாக்கில் கட்டி வண்டியிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

இன்னொன்று. பேப்பரில் ஒரு மூலையில் 'அணைகளின் நீர்மட்டம்' என்று பொடி எழுத்தில் தினமும் போடுவார்கள். சினிமா விளம்பரத்துக்கும் ராசிபலனுக்கும் நடுவே அதை யாரும் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த மூலையைத் தேடிப் படியுங்கள். வைகை 66-க்குக் கீழே என்றால் தைரியமாகக் கிளம்புங்கள். 66-க்கு மேலே என்றால் பாலத்தில் நின்று பார்த்து ரசியுங்கள். பசங்களை மட்டும் ஆற்றுக்குள் இறக்கிவிடாதீர்கள்!